கல்லுக்குப் பங்கு தரலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவன் நான். இப்போது தொழிலை மகன் பார்க்கிறான். 2008-இல் மூன்று குடும்பங்கள் சேர்ந்து புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பம் தாண்டி, கடலோரம் ஒரு மனை வாங்கி ஓட்டு வீடு கட்டினோம். அன்று வேலியிலிருந்து அலை வரை எண்பது தப்படி. போன தை மாதம் எண்ணினேன், இருபத்தாறு. வீட்டுக்குப் பின்னால் சாலைப் பக்கம் நூற்றிருபது அடி காலியாகக் கிடக்கிறது. வரிசையில் உள்ள பதினொரு மனைக்காரர்களும் சேர்ந்து பாறாங்கல் கொட்டிச் சுவர் போடலாம் என்கிறார்கள். பங்குக்கு நாலரை லட்சம். சங்ககிரிப் பக்கம் கல்குவாரி வைத்திருக்கும் என் மைத்துனர் லாபம் இல்லாமல் கல் தருவதாகச் சொல்கிறார். பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் கூடாது என்கிறார்கள். மாப்பிள்ளையோ, 'நெதர்லாந்து நாடே சுவரால்தான் நிற்கிறது' என்கிறார். பணம் கொடுக்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

கொடுக்காதீர்கள். ஆனால் பதினொரு பேர் கூடிய கூட்டத்தில் ஒருவர் மட்டும் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது. காரணம் கேட்பார்கள். மைத்துனர் வேறு கல்லோடு காத்திருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கல்லுக்குப் பரம்பரை எதிரி இல்லை. கடலோரப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஏற்காட்டுக்குக் குடிவந்தேன். அந்த வருடங்களில் எத்தனை லாரிக் கல்லை அலையின் வாயில் கொட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன் என்பதை அளவுப் புத்தகங்களைப் புரட்டினால் தெரியும்.

முதலில் உங்கள் தப்படிக் கணக்கு. இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர் 'முன்பெல்லாம் நிறைய மணல் இருந்தது' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், வெள்ளியை எடை போட்ட கை. ஆனால் ஒரு சந்தேகம்: அந்த எண்பது எந்த மாதத்து எண்பது? வடகிழக்குப் பருவமழையும் புயலும் அடித்து ஓய்ந்த தை மாதத்தில் நம் கிழக்குக் கரை மெலிந்துதான் இருக்கும். கரையிலிருந்து இழுத்த மணலை அலை சற்றுத் தள்ளிக் கடலுக்குள்ளேயே திட்டாகக் குவித்து வைத்திருக்கும். பெரிய அலைகள் அந்தத் திட்டில் மோதி உடைந்து, பாதி பலத்தோடுதான் கரைக்கு வரும். கடல் அமைதியானதும் அந்த மணலில் பெரும்பகுதி மெல்லத் திரும்பும். சித்திரையில் எண்ணியதைத் தையில் எண்ணியதோடு ஒப்பிட்டால் நஷ்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். உங்கள் கரை நிஜமாகவே தேய்கிறது, அதில் சந்தேகமில்லை. எவ்வளவு வேகத்தில் என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் வேலிக்கு முன்னால் கிடக்கும் மணல் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு நம் சேர்வராயன் மலையிலிருந்து போனது என்றால் சிரிக்காதீர்கள். இந்த மலையின் வடகிழக்குச் சரிவில் விழும் மழை வாணியாறாக இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, கடலூர் அருகே கடலில் விழுகிறது. மழை நாளில் என் வீட்டு வாசலில் ஓடும் செந்நீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகத்துவாரம்தான் நினைவுக்கு வரும். வண்டல் கடலோடு போய்விடும். பாறை மட்கி உதிர்ந்ததில் எதற்கும் கரையாத குருணை மட்டும் கரையோரம் தங்கும். அதுவும் விழுந்த இடத்தில் இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் திருப்பித் தெற்கே தள்ளும். வருடக் கடைசியில் பற்று வரவு பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். கரைக்கடல் மீனவர்கள் இந்த இரண்டு நீரோட்டங்களையும் தெண்டி, வன்னி என்பார்கள். தெண்டி தெற்கிலிருந்து வருவது, வன்னி வடக்கிலிருந்து வருவது. புத்தகத்தில் படித்து எனக்குப் புரியாதது, ஒரு கட்டுமரக்காரர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசிக் காட்டியபோது புரிந்தது.

சேலம் ஜங்ஷன் நடைமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது போனாலும் கூட்டம் இருக்கும், ஆனால் நேற்று நின்ற ஆள் இன்று அங்கே இல்லை. கடற்கரையும் அப்படித்தான். வருகிற ரயிலை நிறுத்தினால் நடைமேடை வெறிச்சோடும். அப்போது நடைமேடையைச் சுற்றிச் சுவர் வைத்து என்ன பயன்?

ரயிலை நிறுத்தியது யார் என்றால், நாம்தான். மலையடிவாரத்தில் வாணியாறு அணை. அதற்குக் கீழே தென்பெண்ணையில் 1958 முதல் சாத்தனூர் அணை. அணையில் தண்ணீர் மட்டும் தேங்குவதில்லை. மேட்டூரிலும் இதே கதைதான்: 1934-லிருந்து காவிரி கொண்டுவரும் மணலும் வண்டலும் பெரும்பாலும் நம் மாவட்டத்திலேயே படுத்துவிடுகின்றன. பூம்புகார், தரங்கம்பாடிக் கரைகள் மெலிந்ததற்கு நம் ஊர் அணைக்கும் ஒரு பங்கு உண்டு. அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் கடற்கரையில் மணல் இல்லாததற்குக் கடலை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மிச்சமிருந்ததை ஆற்றிலிருந்தே லாரியில் அள்ளிய கதை உங்களுக்கே தெரியும்.

உங்கள் மனைக்கு நேரடியாகக் கை வைத்தது இவை எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புகள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் தடுப்பின் தென்புறம் மேடாகச் சேர்ந்தது. வடபுறத்துக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. தடுப்பில் தேங்கும் மணலை எடுத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது சொன்னபடி தொடர்ந்து நடக்கவில்லை. புதுச்சேரி நகரத்தின் கடற்கரை போயிற்று. நகரத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு வடக்கே கரை அரித்தது. அங்கும் கல். அது முடிந்த இடத்துக்கு வடக்கே மறுபடி அரிப்பு. தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நோய் வடக்கே நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் எண்பது தப்படி இந்த வரிசையில்தான் குறைந்தது. நீங்கள் இப்போது காசு போட்டுக் கட்டப் போவது அந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி.

சென்னையில் இது நூறு வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டது. துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்று கொண்டே போனது. வடக்கே காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்து கல்லுக்குப் பின்னால் ஒண்டின. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் வடசென்னையின் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, சுவர் என்னதான் செய்கிறது? அடுத்த முறை போகும்போது கணுக்கால் அளவு நீரில் நின்று பாருங்கள். அலை ஏறிவரும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து, கால் மெல்லப் புதையும். உங்கள் கால் என்ற சின்னத் தடைக்கே இந்த வேலை. சரிவான மணலில் ஏறும் அலை, ஏற ஏறப் பலமிழந்து, நீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிட, சோர்ந்து திரும்புகிறது. சுவரில் மோதும் அலைக்கு அந்த வழி இல்லை. வந்த வேகத்தில் திரும்பி, சுவரின் காலடியில் இருக்கும் மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. அடி பள்ளமாகும். பள்ளமானால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை சுவர் வரைக்கும் உடையாமல் வரும். கல் ஒவ்வொன்றாகச் சரிந்து மணலுக்குள் இறங்கும். 'கல்லை மணல் விழுங்குது சார்' என்று எங்கள் மேஸ்திரி ஒருவர் சொல்வார். ஆகவே மேலே மறுபடி கல். நாலரை லட்சம் என்று உங்களிடம் சொன்னவர்கள் அது முதல் தவணை என்பதைச் சொல்லவில்லை.

இன்னொன்று, சுவருக்குப் பின்னால் இருக்கும் மணல் மேடு. புயல் நாளில் கரை அந்த மேட்டிலிருந்துதான் கடன் வாங்கிக் கடலுக்குக் கொடுக்கும். சுவர் அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது. கடல் மட்டம் உயர உயரத் தானாக உள்ளே தள்ளிப் போயிருக்க வேண்டிய கரையும் சுவருக்கு முன்னால் நின்றபடியே மூழ்கும்.

பதினொரு பங்கு சேர்ந்தால் ஐம்பது லட்சத்துக்குப் பக்கம். முறையான கல் சுவர் என்றால் அடியில் மணல் கசியாமல் தடுக்கும் துணி விரிப்பு, அதன்மேல் சிறுகல் அடுக்கு, அதற்கும் மேலே அலை புரட்ட முடியாத எடையுள்ள பெருங்கல், முன்னால் பள்ளத்தைத் தாங்கும் கால் என்று பல சங்கதிகள் உண்டு. மைத்துனர் கல்லை இலவசமாகவே கொடுத்தாலும் சங்ககிரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை இருக்கிறது. உங்கள் பணத்துக்குக் கிடைக்கப் போவது சுவரும் இல்லை, ஒரு குவியல்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் கடைசியில் ஒரு மீனவ கிராமத்துக்கு முன்னால் கால் கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் கொட்டினோம். வேலை முடிந்த அன்று எங்களுக்கு மாலை போட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் போனேன். கல்லுக்குப் பின்னால் கோவிலும் தெருவும் பத்திரமாக இருந்தன. கல்லுக்கு முன்னால் கால் வைக்க மணல் இல்லை. வடக்கு முனையில், சுவர் முடிந்த இடத்தில், கடல் அரிவாளால் சீவியதுபோல் வளைந்து உள்ளே புகுந்திருந்தது. அங்கே சமையலறைச் சுவர் ஒன்று மட்டும் மிஞ்சிய வீட்டில் ஒரு பெரியவர் அம்மிக்கல்லைக் காட்டினார். "இதையும் எடுத்துப் போய்க் கொட்டிக்கொள்ளுங்கள்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத்துக்குத் திரும்பி, வடக்கே இன்னும் இருநூறு மீட்டருக்குக் கல் கேட்டு மதிப்பீடு தயாரித்தேன். எனக்கு அன்று தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சுவரே கூடாது என்று எல்லா இடத்துக்கும் சொல்ல மாட்டேன். புதுச்சேரி நகரத்தின் கல்லை இன்று எடுத்துவிட முடியாது, பின்னால் ஒரு ஊரே இருக்கிறது. வாசல் வரை கடல் வந்துவிட்ட குப்பங்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான 'தூண்டில் வளைவு போடுங்கள்' என்று மறியல் செய்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நகர இடமில்லாதவர்கள் அவர்கள். உங்களுக்குப் பின்னால் நூற்றிருபது அடி இருக்கிறது. சேலத்தில் சொந்த வீடும் இருக்கிறது.

மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. நெதர்லாந்தில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, அணைக்கரைகள் இல்லாமல் அந்த நாடு இல்லை. ஆனால் அவர்கள் 1990 முதல் தங்கள் மணற்கரை பின்வாங்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மணலைக் கொண்டுதான். கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரைக்கு ஊட்டுகிறார்கள். 2011-இல் ஒரே இடத்தில் ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் குவித்து, 'அலையே, நீயே எடுத்துப் பரப்பிக்கொள்' என்று விட்டுவிட்டார்கள். சுவருக்குப் பேர்போன நாடே மணலுக்கு மாறிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் போவானேன், புதுச்சேரியிலேயே 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் எஃகினால் ஆப்பு வடிவத்தில் ஒரு திட்டு அமைத்து, தூர்வாரிய மணலையும் கரையில் இட்டது. பல வருடம் வெறும் கல்லாக இருந்த இடத்தில் மணல் திரும்பியது. அதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. அந்த மணல் வடக்கே உங்கள் மனை வரை வந்து சேரவில்லை என்பதற்கு உங்கள் இருபத்தாறே சாட்சி. ஆனால் கேட்க வேண்டியது எது என்பதை அது காட்டுகிறது.

மீனவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அந்த மணல்தான் பட்டறை. படகை ஏற்றி நிறுத்துவது, வலை உலர்த்துவது, கருவாடு காயவைப்பது எல்லாம் அங்கேதான். கரைவலை இழுக்க இருபது முப்பது பேர் இரண்டு வரிசையாகப் பின்னோக்கி நடக்க வேண்டும்; பாறாங்கல்லின் மேல் அப்படி நடக்க முடியாது. படகு திரும்பும்போது அலை பக்கவாட்டில் தள்ளினால் மணலில் தரை தட்டும், கல்லில் உடையும். உங்கள் செவ்வாய்ப்பேட்டைத் தெருவை அடைத்து யாராவது தன் வீட்டுக்குப் பாதுகாப்பாகச் சுவர் வைத்தால் நீங்கள் பேசாமல் இருப்பீர்களா? தை முதல் பங்குனி வரை முட்டையிட இரவில் ஏறிவரும் பங்குனி ஆமைக்கும் அதே கரைதான் வேண்டும். கல்லில் முட்டி அது திரும்பிப் போய்விடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலை ஏறி இறங்கும் கரை பொது இடம், உங்கள் பத்திரத்தில் அது இல்லை. அங்கே அரிப்புத் தடுப்பு வேலை எதுவானாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அனுமதி வேண்டும். மாவட்ட அளவில் அதற்கென்று குழு உண்டு, மாநில அளவில் ஆணையம் உண்டு. அனுமதியில்லாமல் கொட்டினால் வழக்கில் பதினொரு பேரின் பெயரும் வரும். ரசீதில் உங்கள் பெயர் இருக்குமே. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நீங்கள் வீடு கட்டிய காலத்தில் அமலில் இருந்த 1991 அறிவிக்கை, ஊரகக் கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றநீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புது வீட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. எண்பது தப்படி என்பது அறுபது மீட்டர் பக்கம்தான் வரும். உங்கள் மனை எந்த வகையில் வருகிறது, கட்ட அனுமதி எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். கல்லுக்கு அனுமதி கேட்டுப் போனால் அதிகாரிகள் டேப்பைப் பிடிக்கும் முதல் இடம் உங்கள் வீடாக இருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. கடல் பக்கம் கழிவுநீர்த் தொட்டி இருந்தால் இந்தக் கோடைக்குள் அதைப் பின்னால் மாற்றுங்கள். வீட்டுக்கு முன்பே கடலுக்குள் போவது அதுதான், குப்பம் முழுதும் நாறும். அடுத்து வீட்டையே பின்னால் தள்ளுவதைப் பற்றி மூன்று குடும்பமும் உட்கார்ந்து பேசுங்கள். ஓட்டு வீடு என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஓடு, உத்திரம், கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றி மறுபடி வைக்கக்கூடியவை. அதற்கும் அனுமதி தேவை, எழுதிக் கேளுங்கள். நாலரை லட்சத்தில் எல்லாம் முடியாது, ஆனால் அந்தப் பணம் உங்கள் பக்கத்தில் செலவாகும்.

முன்னால் எஞ்சியிருக்கும் மணல் மேட்டைத் தொடாதீர்கள். கடல் தெரியவேண்டும் என்று மட்டம் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வரிசையிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அங்கே இருந்தால் குப்பை என்று பிடுங்க வேண்டாம். காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்துவைக்கும் வேலைக்கு அவற்றைவிடச் சம்பளம் குறைந்த ஆள் கிடையாது. கொடி இல்லாத இடத்தில் தென்னங்கீற்றுத் தட்டியை முழங்கால் உயரத்துக்கு நட்டுவையுங்கள். மணல் அதன் காலடியில் சேரும். இதனால் உங்கள் கரை தப்பித்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். வரவே குறைந்த கரை இது. ஒரு புயலுக்குக் கொடுக்கக் கையிருப்பு இருக்கும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் வெறும் கையோடு மறுக்க வேண்டாம். கல்லுக்குப் பதில் மணலைக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள்: துறைமுகத்தில் தூர்வாரும் மணலைக் கடலுக்குள் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டாமல், வருடா வருடம் வடக்குக் கரைக்குத் தள்ள வேண்டும் என்று. துறைமுகம் புதுச்சேரியில், உங்கள் மனை தமிழ்நாட்டில். இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டும். அதனால் மனு இரண்டு பக்கமும் போகட்டும். குப்பத்தாரின் கையெழுத்தும் அதில் இருந்தால் அதற்கு எடை உண்டு. அவர்களிடம் போக உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், கல்லுக்குப் பங்கு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாயை விரித்து உட்காரச் சொல்வார்கள்.

மைத்துனரிடம் ஒரே ஒரு கல் வாங்கிக்கொள்ளுங்கள், மைல்கல் அளவுக்கு. அதை வீட்டுக்குப் பின்னால், சாலை ஓரம் நடுங்கள். மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு மறுநாள், நீர் நன்றாக வற்றிய நேரத்தில், அந்தக் கல்லிலிருந்து அலை விளிம்பு வரை தப்படியில் அல்ல, டேப்பில் அளந்து எழுதிவையுங்கள். நீங்கள் போக முடியாத மாதத்தில் குப்பத்துப் பையன் யாரிடமாவது சொல்லுங்கள். பன்னிரண்டு எண்களும் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்.